அடியோடு சாரும் மூன்றாவது லிஃப்டும்

உலகத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும், அதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிற ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாத இனம் அல்ல. மாற்றலாகி வந்த அன்றே பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையைக் கிழித்துப் போடுகிற தலைமையாசிரியர், குடிவந்த வாரத்திலேயே வாசலை இந்தப் பக்கம் அடைத்து அந்தப் பக்கம் திறக்கிற எதிர்வீட்டுக்காரர், இரண்டு நாள் தங்க வந்த இடத்தில் அடுக்களை அலமாரியைத் திறந்து, “உப்பை ஏன் இங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டு, வீட்டுக்காரி குளித்துவிட்டு வருவதற்குள் இருபத்தேழு டப்பாக்களையும் இடம் மாற்றி வைத்துவிடுகிற நாத்தனார் எல்லாரும் இதன் கிளைகள்தாம். இவர்கள் கெட்டவர்களா? இல்லை. அறிவில்லாதவர்களா? அதுவும் இல்லை. சோம்பேறிகளா? சோம்பேறிகளாக இருந்திருந்தால் உலகம் பிழைத்திருக்கும்.

இந்த இனம் முழு வளர்ச்சி அடைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மென்பொருள் எழுதும் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இடிப்பதற்குக் கடப்பாரை வேண்டாம். தூசி பறக்காது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்கள். யாரோ பத்து வருஷம் உட்கார்ந்து எழுதியதை ஒரே பொத்தானில் குப்பைக்கு அனுப்பிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் காப்பி குடிக்கப் போகலாம்.

அப்படி ஓர் அலுவலகத்தில் மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். லிஃப்டுகளுக்கு மூளை செய்து கொடுக்கும் நிறுவனம் அது. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் அடியோடு சார். “இதை அடியோட தூக்கிட்டு முதல்லேர்ந்து எழுதணும்” என்று அவர் சொல்லாத நாள் என்றால், அன்றைக்கு அலுவலகம் விடுமுறை என்று பொருள்.

பிறர் எழுதிய நிரலை அவர் படிக்கிற அழகே தனி. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு நாற்காலி ஓரடி பின்னால் போகும், ஏதோ வாடை அடித்ததுபோல. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கடைசியில் கேட்பார்: “இதை யார் எழுதினது?” அது கேள்வி அல்ல. யாரோ கட்டிய கட்டைப் பிரித்துப் பார்க்கும் டாக்டர், “யாருகிட்ட காட்டினீங்க?” என்று கேட்பாரே, அந்தக் குரல். எழுதியவர் வேலையை விட்டுப் போனவர் என்றால் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். எழுதியவர் பக்கத்து நாற்காலியில் இருந்தால், “தப்பாச் சொல்லல, பொதுவாச் சொன்னேன்” என்பார். ஒருமுறை, எழுதியவர் அவரேதான் என்று தெரியவந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தையது. கண்ணாடியை மறுபடி துடைத்துவிட்டு, “அப்ப எனக்கு டைம் குடுக்கல” என்றார். அதையும் தூக்கிவிட்டு முதலிலிருந்து எழுதினார்.

வீட்டில் மட்டும் வேறு மாதிரி இருப்பாரா? அடுக்களைக் குழாயில் தண்ணீர் சொட்டியது. வாஷர் மாற்றினால் போதும் என்றார் பிளம்பர். அடியோடு சார் குனிந்து உள்ளே பார்த்தார், பெருமூச்சு விட்டார், குழாயை யார் போட்டது என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும் தொட்டி சுவரிலிருந்து கழன்று ஹாலுக்கு வந்தது. மூன்று வாரமாக அவர் மனைவி குளியலறையில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இது எப்ப உள்ள போகும்?”

“தப்பான அஸ்திவாரத்துல நல்ல குழாய் நிக்காதும்மா.”

“எனக்கு நல்ல குழாய் வேணாம். சொட்டுற குழாயே போதும். அதையாவது திருப்பிக் குடுங்க.”

அவள் பிசியோதெரபிஸ்ட். விழுந்து முட்டி உடைந்தவர்களை, புது முட்டி வாங்கித் தராமல், இருக்கிற முட்டியிலேயே நடக்க வைக்கிற தொழில். இரண்டு பேருக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்பது அவர்களுக்கே விளங்காத விஷயம்.

கதைக்கு வருவோம். அந்த நிறுவனத்தில் ஒரு பழைய லைப்ரரி இருந்தது. புத்தகம் தேட வேண்டாம். அடிக்கடி தேவைப்படும் வேலைகளைச் செய்ய ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் நிரல் மூட்டைக்கு அந்தத் தொழிலில் லைப்ரரி என்று பெயர். இந்த மூட்டை செய்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு கட்டடத்தில் மூன்று லிஃப்ட்; ஐந்தாம் மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார்; மூன்றில் எது போக வேண்டும்? அவ்வளவுதான். அதைத் தீர்மானிக்கப் பதினோராயிரம் வரி. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேர் எழுதி, ஒட்டி, தைத்து, வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை.

படுத்தது வேறு. அந்த லைப்ரரி ஓடிய பழைய மின்பலகை உற்பத்தியிலேயே இல்லாமல் போனது. அந்த லைப்ரரி எழுதப்பட்ட பழைய கணினி மொழி புதுப் பலகைக்குப் புரியாது. ஆறு மாடி ஆஸ்பத்திரி ஒன்று கடிதம் எழுதியிருந்தது: எங்கள் மூன்று லிஃப்டில் ஒன்று வாரத்துக்கு இரண்டு நாள் நின்றுவிடுகிறது, ஐந்து மாதத்துக்குள் எல்லாப் பலகையையும் மாற்றித் தர வேண்டும். ஆக, ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பழைய லைப்ரரியை வரிக்கு வரி அப்படியே புது மொழிக்குக் கொண்டுபோவதா, அதற்குப் போர்ட் பண்ணுவது என்று பெயர். இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா?

கூட்டம் கூடியது. மேலாளர் நல்ல மனிதர். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வது சரி என்று நம்புகிறவர். இது தெரியாமல் அக்கா முதலில் பேசிவிட்டார். அக்கா என்றால் அலுவலகத்துக்கே அக்கா. சோதனைப் பிரிவின் தலைவி. யார் எதை எழுதினாலும் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்.

“ஒன்றரை மாசம் போதும் சார். அப்படியே மாத்திடலாம். பழைய லிஃப்ட் ஒரு வருஷமா எந்தப் பொத்தானுக்கு என்ன செஞ்சதுன்னு பதிவு இருக்கு. அதையே புதுசுக்கும் குடுத்து, ரெண்டும் ஒண்ணா செய்யுதான்னு பார்த்துடுவேன்.”

“பழசு அசிங்கமா இருக்கே அக்கா?” என்றார் அடியோடு சார்.

“புதுசும் அசிங்கமா இருக்கும். ஆனா ஓடும்.”

அடியோடு சார் எழுந்தார். அவர் எழுகிற விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது என்று பின்னால் பலர் சொன்னார்கள். பழைய நிரலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். தரைத்தளத்தில் மட்டும் கதவு ஏழு நொடி திறந்திருக்க வேண்டும், மற்ற மாடிகளில் மூன்று நொடி. ஏன்? காரணம் எழுதவில்லை. ஒருவர் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தால், மற்ற கணக்கையெல்லாம் விட்டுவிட்டு அவரிடம் போக வேண்டும். ஏன்? எழுதவில்லை. ஓரிடத்தில் விரல் வைத்து நிறுத்தினார். “இதப் பாருங்க. அந்த ஆஸ்பத்திரிக்குன்னே ஒரு வரி. காலைல ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் மூணாவது லிஃப்ட் காலியா நாலாவது மாடியிலயே நிக்கணுமாம். யாரு கூப்பிட்டாலும் வரக் கூடாதாம். எதுக்கு? காத்து வாங்கவா?”

அறையே சிரித்தது. மேலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்காவும் கொஞ்சம் சிரித்தார் என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

“இந்த அழுக்கு மூட்டையை அப்படியே புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமா சார்?” என்று கேட்டுவிட்டு அடியோடு சார் வெள்ளைப் பலகையில் மூன்று பெட்டி வரைந்தார். இரண்டு அம்புக்குறி. மிகத் தெளிவான பெட்டிகள். உலகத்துக் குழப்பமெல்லாம் அந்த மூன்று பெட்டிக்குள் அடங்கிப் படுத்துவிட்டதுபோல இருந்தது. “ரெண்டு வாரம் குடுங்க.”

மேலாளர் குடுத்தார். அக்கா கதவருகே நின்று, “எனக்கும் தினம் அரை நாள் குடுங்க சார், பழசை அப்படியே மாத்திப் பார்க்கிறேன். எதுக்கும் இருக்கட்டும்” என்றார். கடைசியாகப் பேசியவர் அவர் என்பதால் அதையும் மேலாளர் குடுத்துவிட்டார்.

இந்த இனத்தின் வாழ்வில் இன்பமான பருவம் எது என்று கேட்டால், புது வேலை தொடங்கிய முதல் மூன்று வாரம் என்று தயங்காமல் சொல்லலாம். அப்போது அவர்கள் கல்யாண மாப்பிள்ளைகளைப்போல நடமாடுவார்கள். அடியோடு சார் புது விசைப்பலகை வாங்கினார். புது லைப்ரரிக்குப் பெயர் வைக்க இரண்டு நாள் யோசித்தார். முதல் மாத முடிவில் அறுநூறு வரி எழுதியிருந்தார். பதினோராயிரத்துக்குப் பதிலாக அறுநூறு! கணினியிலேயே ஒரு பொய்க் கட்டடம் கட்டி, பொய் மனிதர்களை விட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னதில், சராசரியாகக் காத்திருக்கும் நேரம் முப்பத்தோரு நொடியிலிருந்து பத்தொன்பது நொடிக்கு இறங்கியிருந்தது. அந்த வரைபடத்தை அச்செடுத்து நடைவழியில் ஒட்டினார் மேலாளர். அடியோடு சார் ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கப் போகும்போதும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் இரண்டரை மாதமானபோது, முதலில் சொந்தக் கட்டடத்திலேயே போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. எட்டு மாடி, மூன்று லிஃப்ட். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புது லைப்ரரி உயிர் பெற்றது.

எட்டே காலுக்குத் தரைத்தளத்தில் தள்ளுவண்டியோடு வந்த கூரியர்காரர் வண்டியின் முன்பாதியை மட்டும் உள்ளே விட்டிருந்தார். மூன்று நொடி முடிந்து கதவு மூடியது. எட்டரைக்குக் கைத்தடியோடு வந்த கணக்குப் பிரிவுப் பெரியவரை அதே கதவு இரண்டு தடவை இடித்தது. மூன்றாவது தடவை அவர் கதவைத் தடியால் இடித்தார். இவையெல்லாம் சின்ன விஷயம் என்றார் அடியோடு சார். ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றினார். ஏழு நொடி.

பதினொன்றே காலுக்கு மேலாளர் படிக்கட்டு வழியாக இறங்கி வந்து சேர்ந்தார். அவர் அறை எட்டாம் மாடியில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? பதினோரு நிமிஷம். ஒரு லிஃப்டும் வரல.”

அடியோடு சார் திரையைப் பார்த்தார். “சராசரி பத்தொன்பது நொடிதான் சார் காட்டுது. பழசைவிட நல்லாவே ஓடுது.”

“சராசரியா? யாரு அவரு? நான் அங்க பதினோரு நிமிஷம் நின்னேன், அவரைப் பார்க்கவே இல்லையே!”

நடந்தது இதுதான். கீழ் மாடிகளில் ஆள் அதிகம். அவர்களை மட்டும் ஏற்றி இறக்கினால் சராசரி அழகாகக் குறைகிறது. எட்டாம் மாடிக்கு ஒரே ஒருவருக்காகப் போய் வந்தால் சராசரி கெடுகிறது. புது லைப்ரரி அறிவாளி, எழுதியவரைப்போலவே. எட்டாம் மாடி என்று ஒன்று இருப்பதையே அது மறந்துவிட்டது. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஒருவரைக் காக்க வைக்காதே என்ற அந்தப் பழைய வரி இருந்திருந்தால்? இருந்திருந்தால் சராசரி இருபத்தாறாகியிருக்கும். மேலாளர் சட்டை நனைந்திருக்காது.

அடியோடு சார் அந்த வரியையும் போட்டார், வேறு சொற்களில். போட்டதும் மூன்று லிஃப்டும் ஒரே ஆளைத் தேடிக்கொண்டு ஒன்றாக ஓடின. அதைச் சரிசெய்ய நாற்பது வரி. அந்த நாற்பது வரி செய்ததைச் சரிசெய்ய இன்னும் நூறு. நான்காம் மாதம் பிறந்தபோது அறுநூறு வரி நாலாயிரம் ஆகியிருந்தது. மூன்று பெட்டிகள் இருந்த வெள்ளைப் பலகையில் இப்போது பதினேழு பெட்டிகள். அம்புக்குறிகள் நூல்கண்டு பிரிந்து கிடப்பதுபோல. நடைவழியில் ஒட்டிய வரைபடத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். கிழித்தவர் அவரே என்று ஒரு பேச்சு உண்டு.

அந்த வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டுகளின் கதவுகளை அளக்க வேண்டியிருந்தது. கூட்டம் வருவதற்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் காலை ஐந்தரைக்கே வரச் சொல்லியிருந்தார் மெக்கானிக். அந்த மூன்று லிஃப்டையும் முதல் நாள் பொருத்தியதிலிருந்து பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அறுபது வயது, நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்பு, அளவான பேச்சு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூட்டம் என்று ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

முதல் இரண்டு லிஃப்டை முடித்துவிட்டு, மூன்றாவதில் நாலாம் மாடிக்கு வந்து நின்றார்கள். அடியோடு சார் கதவு இடுக்கில் டேப்பை வைத்துக் குனிந்திருந்தார்.

“ஆறு ஆகப்போகுது. வெளிய வந்துடுங்க சார்.”

“ரெண்டே அளவுதான் அண்ணே பாக்கி. லிஃப்ட் சும்மாதானே நிக்குது?”

“வாங்க தம்பி” என்றார் மெக்கானிக். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடியோடு சார் வெளியே வந்து சுவரோரம் நின்றார். ஆறு மணி. அந்த வரி ஞாபகம் வந்தது; சிரிப்பும் வந்தது. காற்று வாங்குகிறது பார், என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது நடைவழியின் கோடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. தலை வரை மூடியிருந்தது. ஒரு வார்டு உதவியாளர் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஒரு பெண், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பிளாஸ்க், ஒரு ஜோடிச் செருப்பு, கண்ணாடிக் கூடு. அவள் அழவில்லை. பை நழுவாமல் பிடித்துக்கொள்வதே அந்த நேரத்தில் அவளுக்கு முழு வேலையாக இருந்தது.

உதவியாளர் பொத்தானைத் தொட்டார். கதவு உடனே திறந்தது. உள்ளே யாரும் இல்லை. போனார்கள். கதவு மூடியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு மெக்கானிக் ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ராத்திரி தவறிப்போனவங்களை ஏழு மணிக்கு முன்னாடி கீழ கொண்டுவந்துடுவாங்க. ஏழுக்குப் பார்வையாளர் வர ஆரம்பிச்சுடுவாங்கல்ல. முன்னெல்லாம் இந்த லிஃப்டும் மத்தது மாதிரிதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு நாள் நான் இதே இடத்துல ஏணி போட்டு நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பையன், அவங்கப்பாவை வச்சுக்கிட்டு நிக்கிறான். ஒன்பது நிமிஷம். மூணு தடவை கதவு திறந்துச்சு. மூணு தடவையும் உள்ள ஆளுங்க. டிபன் வண்டி, டூட்டி மாறுறவங்க. பார்த்தாங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, கதவு மூடிக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் ‘பரவால்ல, பரவால்ல’ன்னு சொல்றான். அவங்ககிட்ட.”

அடியோடு சார் கையிலிருந்த டேப்பை மெதுவாகச் சுருட்டினார். ஒன்பது நிமிஷம். அவர் எழுதிய கணக்கில் அந்த ஒன்பது நிமிஷம் எங்கே போயிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சராசரிக்குள் போயிருக்கும். ஒரு நொடிகூட ஏறியிருக்காது.

“இதை யார் எழுதினது அண்ணே?” என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

“பேரு மறந்துபோச்சு. உங்க ஆபீஸ்ல அப்ப ஒரு அம்மா இருந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணிச் சொன்னேன், மூணாவது லிஃப்டைக் காலைல நாலாவது மாடியில நிறுத்தி வைக்க முடியுமான்னு. ஏன்னு கேட்டா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே போனைப் பிடிச்சிருக்கேன். அவங்க கேக்கல. ‘எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?’னு மட்டும் கேட்டாங்க. திங்கட்கிழமை லிஃப்ட் வந்து நின்னுச்சு.”

ஏன் என்று கேட்கவில்லை. அதனால் ஏன் என்று எழுதவும் இல்லை.

ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு அடியோடு சார் மடிக்கணினியைத் திறந்தார். பழைய லைப்ரரியில் இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்கான, காரணம் சொல்லாத வரிகள் நாற்பத்து மூன்று இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். மெக்கானிக்குக் கணினி தெரியாது, லிஃப்ட் தெரியும். அடித்தளத்தில் கதவு மெதுவாக மூட வேண்டுமா? அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றுவார்கள், தம்பி. எல்லாப் பொத்தானும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமா? குழந்தைகள் வார்டு மேலே இருக்கிறது அல்லவா, தேறி வீட்டுக்குப் போகிற குழந்தை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஆறாம் மாடியில் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி கூடுதலாக நிற்க வேண்டுமா? மெக்கானிக் யோசித்தார். “அது பழைய மோட்டாருக்கு. மோட்டார் மாத்தி ஆறு வருஷமாச்சு. அதைத் தூக்கிடலாம்.”

“தூக்கிடலாமா!” என்றார் அடியோடு சார். பட்டினி கிடந்தவன் முன்னால் தட்டு வைத்ததுபோல இருந்தது அவர் முகம். நாற்பத்து மூன்றில் பன்னிரண்டைத் தூக்கலாம் என்று கணக்கானது. மீதி முப்பத்தொன்றிலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு வந்ததும் நேரே அக்காவின் மேசைக்குப் போனார். போகிற வழியில் மூன்று தடவை நின்று, தண்ணீர் குடித்து, செருப்பு வாரைச் சரிசெய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பெருமையை விழுங்குவதற்குத் தண்ணீர் தேவைப்படுகிறது.

“அக்கா, உங்க போர்ட் எங்க வரைக்கும் வந்திருக்கு?”

“முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. ஒரு வருஷப் பதிவையும் ஓட்டிப் பார்த்துட்டேன். ஒரு பொத்தான்கூடப் பிசகல.”

“ஏன் சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கலியே தம்பி.” பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?”

அடியோடு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருமாக அந்தப் பன்னிரண்டு வரியை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டு, அக்கா பதிவை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். மீதி முப்பத்தொன்றின் மேலும் காரணத்தை எழுதினார் அடியோடு சார். நாலாம் மாடி வரிக்கு மட்டும் அரை நாள் ஆனது. நான்கு தடவை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் இப்படி எழுதினார்: ‘காலை ஆறு முதல் ஏழு வரை இங்கே காத்திருப்பவர்களைக் காக்க வைக்கக் கூடாது.’ அக்கா படித்தார். அன்றைக்குக் கூட்டத்தில் தானும் சிரித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, எழுந்து போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

நாலாயிரம் வரிப் புது லைப்ரரி என்ன ஆனது? அதிலிருந்து ஒரு விஷயத்தை அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார்: லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று திரையில் படமாகக் காட்டுகிற பகுதி. நன்றாகவே எழுதியிருந்தார், திறமைசாலி அல்லவா? மற்றதை அடியோடு சார் தன் கையாலேயே அழித்தார். அழிக்கும்போது பெருமூச்சு வந்தது. இந்தத் தடவை நாற்காலி பின்னால் போகவில்லை.

கெடுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் மூன்று பலகைகளும் மாறின. முதல் நாள் காலை ஆறு மணிக்கு நாலாம் மாடியில் அடியோடு சாரும் மெக்கானிக்கும் நின்றிருந்தார்கள். மூன்றாவது லிஃப்ட் வந்து நின்றது. கூப்பிட்டவர்கள் யாரிடமும் போகவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பிப் போனது. அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் வரவில்லை. அன்றைக்கு நல்ல நாள். புது மூளை வந்திருப்பதை டாக்டரோ நர்ஸோ நோயாளியோ ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. லிஃப்டுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அடுத்த கூட்டத்தில் மேலாளர் எழுந்து, நமது புத்தம்புது லைப்ரரி மாபெரும் வெற்றி என்று அறிவித்து, அடியோடு சாரைப் பார்த்துக் கை தட்டத் தொடங்கினார். எல்லாரும் தட்டினார்கள். கை தட்டல் எப்பேர்ப்பட்ட மனிதனையும் கொஞ்ச நேரம் செவிடாக்கும்; அடியோடு சாரும் ஒரு நான்கு நொடி புன்னகையோடு நின்றார். பிறகு சொன்னார்: “இது புதுசு இல்ல சார். பழசுதான். அக்கா மாத்தினது. கூட ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார், அடுத்த தடவை அவரையும் கூப்பிடணும்.” கடைசியாகப் பேசியவர் அவர் என்பதால் மேலாளர் அதையும் உடனே ஏற்றுக்கொண்டு, அதே வேகத்தில் அக்காவைப் பார்த்துக் கை தட்டினார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் திருந்தியதாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. பத்தே நாளில், அக்கா எழுதி வைத்திருந்த சோதனைகளைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அக்கா, இந்த டெஸ்ட் எல்லாத்தையும் பார்த்தேன். இதை அடியோட...” என்று தொடங்கினார். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் அங்கேயே நிறுத்தி, ஒரு மிடறு விழுங்கி, “இதெல்லாம் ஏன் இப்படி இருக்குன்னு ஒரு நாள் சொல்றீங்களா?” என்று முடித்தார். வாக்கியத்தின் தலையை மாற்ற முடியவில்லை; வாலை மாற்றினார். இந்த வயதில் ஒரு மனிதன் வேறு எவ்வளவு செய்ய முடியும்?

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த ஆளை எனக்குத் தெரியும், எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருக்கிறார், எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் சந்தோஷப்படுவது எனக்குத் தெரிகிறது. அனுப்பிவைக்க யார் யார் என்று பட்டியல்கூடப் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒன்று. படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ, ‘நல்ல விஷயம்தான், ஆனால் இவ்வளவு வளவளவென்று எழுதியிருக்க வேண்டாம், என்னிடம் கொடுத்தால் ரெண்டே பக்கத்தில் நறுக்கென்று எழுதிவிடுவேன்’ என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் வருத்தமில்லை, தாராளமாக எழுதுங்கள். எதையெல்லாம் வெட்டப் போகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெட்டப்படும் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.